ஆழத்துத் தண்ணீரைப் போத்தலில் பிடிப்பது

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் பார்க்கும் பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிடும். இது நல்ல தண்ணி, இது சவர், இது குளிக்க மட்டும்தான் ஆகும், இதில் வைத்தால் பருப்பு அவியாது என்று ஒரு வாய் குடித்துவிட்டே சொல்லிவிடுவார்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைச் சுரண்டாத வீடு குறைவு. எங்கள் காலடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்கிறது, அந்தக் கல்லைக் கரைக்கிறது, கல்சியத்தோடு கிணற்றுக்கு வந்து சேர்கிறது. என் வேலையும் பல காலம் இந்தக் கிணறுகளைச் சுற்றியே இருந்தது. குளோரைட்டு எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு, கோடை முற்றும்போது உவர் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பவைதான் எங்கள் ஆய்வுகூடத்தின் அன்றாடக் கேள்விகள்.

வெந்நீரூற்றுகளின் பக்கம் போனது பிறகுதான். சுண்ணக்கல் நீருக்குப் பழகிய ஒருவருக்கு அந்த நீரின் முதல் அறிக்கையைப் பார்ப்பது பெரிய வியப்பு. எங்கள் கிணறுகளில் முன்னுக்கு நிற்கும் கல்சியமும் மகனீசியமும் ஆழத்து வெந்நீரில் பின்னுக்குப் போய்விடும். சோடியம் முன்னே வரும், சிலிக்கா கூடும், புளோரைட்டு கூடும். மேலே பெய்கிற மழை ஒன்றுதான். அது எந்தக் கல்லுக்குள் போனது, எவ்வளவு ஆழத்துக்குப் போனது, எவ்வளவு சூட்டில் எவ்வளவு காலம் இருந்தது என்பதில்தான் எல்லா வேறுபாடும்.

இலங்கையில் எரிமலை இல்லை. திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்றுகளுக்கு அடியில் எரிமலை ஒன்று உறங்குகிறதாம் என்று இன்றைக்கும் படித்தவர்களே கேட்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. கன்னியா, பொலன்னறுவைப் பக்கம் நெலும்வெவ, அம்பாறை மாவட்டத்தில் மகாஓயா, வகாவ, தெற்கே அம்பாந்தோட்டையில் மகாபெலஸ்ஸ என்று தெரிந்த ஊற்றுகளை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். வடகிழக்கிலிருந்து தெற்கு வரை, பெரும்பாலும் நாட்டின் கிழக்குப் பாதியில் வரும். உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்று புவியியலாளர்கள் பிரிக்கும் இரண்டு பழம்பெரும் பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையும் அந்தப் பக்கத்தில்தான் ஓடுகிறது. அந்தக் கடும்பாறை தண்ணீரைச் சும்மா உள்ளே விடாது. பிளவும் வெடிப்பும் இருக்கிற இடத்தில்தான் வழி கிடைக்கும். மழைநீர் அதனூடாகச் சில கிலோமீற்றர் கீழே போகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் சூடு கூடும். சூடேறிய நீர் வேறொரு பிளவு வழியாக மேலே வருகிறது. இதில் பலர் கவனிக்காத விசயம் ஏறும் வேகம். மெல்ல ஏறினால் பக்கத்துப் பாறை சூட்டை வாங்கிவிடும், மேலே சாதாரண ஊற்றாகத்தான் வெளிவரும். சூடு மிச்சமிருக்கும்போதே கொண்டுவந்து விடுகிற அளவுக்குப் பிளவு திறந்திருக்க வேண்டும்.

எங்கள் கதைகளுக்கும் இது ஏதோ விதத்தில் தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். தாயின் கிரியைக்காக இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்திய இடம் கன்னியா என்பார்கள். புத்தூர் நிலாவரையில் தாகத்துக்காக இராமன் அம்பு எய்தான் என்பார்கள். இரண்டு கதையிலும் நிலம் பிளக்கிறது, பிளந்த இடத்தால் தண்ணீர் வருகிறது. நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே சுண்ணக்கல் வெடிப்பால் நன்னீர் வந்து கேணியை நிரப்புகிறது. அவை குளிர்ந்த நீர்தான். ஆனாலும் தண்ணீர் பாறையின் பிளவைத் தேடித்தான் போகும் என்ற பாடத்தை நான் படித்தது அங்கேதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கன்னியாவுக்குப் போகிறவர்கள் வவுனியா போய், ஹொறவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை வீதியைப் பிடித்தால், நகரத்துக்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும். கட்டி வைத்த ஏழு சதுரக் கிணறுகள். ஆள் இறங்கிக் குளிக்கிற ஆழமில்லை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். சூடு 40 பாகையை ஒட்டி இருக்கும், கிணற்றுக்குக் கிணறு கொஞ்சம் மாறும். மகாஓயாவில் 50 பாகையையும் தாண்டும். அங்கே கையை வைத்து எடுத்துவிட வேண்டியதுதான்.

வேலைக்கு விடியற்காலை நல்லது. ஆட்கள் வருமுன் தண்ணீர் கலங்காமல் இருக்கும், சவர்க்கார நுரையும் வந்து சேராது. மேலே அள்ளினால் காற்றுப் பட்ட நீர்தான் கிடைக்கும். அதனால் மெல்லிய குழாயை அடிக்கு இறக்கி, நீர் கசிந்து வருகிற இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து மெதுவாக இழுக்க வேண்டும். நீரின் அமில, கார நிலையை அளக்கும் பிஎச் மானியைச் சரிபார்க்கும் கரைசல்களை எடுத்த எடுப்பில் பாவிக்க முடியாது. அந்தச் சின்னப் போத்தல்களை முதலில் ஊற்று நீரிலேயே கொஞ்ச நேரம் நிறுத்தி, ஊற்றின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மானியைச் சரிபார்ப்போம். அடுத்தது காரத்தன்மை. வாகனத்தின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நிறங்காட்டி விட்ட நீருக்குள் அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறுகிற துளியைப் பார்த்து நிறுத்த வேண்டும். இதை ஊருக்குக் கொண்டுபோய்ச் செய்யலாம் என்று ஒத்திப்போடக் கூடாது. மேலே வந்த கணத்திலிருந்து நீரிலுள்ள காபனீரொட்சைட்டு வெளியேறிக்கொண்டே இருக்கும், பிஎச் ஏறிக்கொண்டே போகும், கல்சியம் காபனேற்றாகப் படியத் தொடங்கும். மாலையில் யாழ்ப்பாணத்தில் அளப்பது காலையில் கன்னியாவில் இருந்த நீரை அல்ல.

பிறகு போத்தல்கள். 0.45 மைக்ரோன் வடிதாளால் வடித்து, உலோக அயன்களுக்கான போத்தலில் மட்டும் நைத்திரிக் அமிலம் சில துளி. குளோரைட்டு, சல்பேற்று, நைத்திரேற்று பார்க்கிற போத்தலில் அந்த அமிலத்தின் வாடையே படக்கூடாது, பட்டால் நைத்திரேற்றுக் கணக்கு முடிந்தது. சிலிக்காவுக்குக் கண்ணாடிப் போத்தல் வேண்டாம், கண்ணாடியே சிலிக்காதானே. சமதானிப் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) பரிசோதனைக்கான போத்தலில் ஒரு குமிழி காற்றுகூட நிற்காமல் வழிய வழிய நிரப்பி மூட வேண்டும்.

இப்படி நின்று வடித்துக்கொண்டிருந்தபோது, அந்தியேட்டிக்காகக் குடும்பத்தோடு வந்திருந்த ஒரு வயதான அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "பிள்ளை, எல்லாரும் அள்ளிக் குளிக்கினம், நீங்கள் மட்டும் ஏன் சொட்டுச் சொட்டாப் பிடிக்கிறியள்?" என்று கேட்டார். "எவ்வளவு ஆழத்தாலை வருகுதெண்டு பாக்கிறதுக்கம்மா" என்றேன். "அதை இந்தத் தண்ணி சொல்லுமோ?" என்றார். கேள்வி சரியான கேள்வி. சொல்லும். எதை, எவ்வளவு நம்பலாம் என்று நிதானிப்பதுதான் எங்கள் வேலை.

சொல்வதில் முதல் ஆள் சிலிக்கா. சிலிக்காவாலான கனிமமான குவாட்ஸ் சூடான நீரில் அதிகமாகக் கரையும், ஆறிய நீரில் குறையக் கரையும். கரைந்த சிலிக்கா திரும்பக் குவாட்ஸாகப் படிவது, நீர் ஆறியபின் மிக மெதுவாகத்தான் நடக்கும். சுடுநீரில் ஊறிய தேயிலையின் சாயம் தேநீர் ஆறினாலும் வெளுத்துப்போகாத மாதிரி, ஆழத்தில் ஏறிய சிலிக்கா மேலே வரும்போதும் பெரும்பாலும் நீரோடு இருக்கும். இதை வைத்து ஆழத்து வெப்பநிலையைக் கணக்கிடும் சமன்பாடுகளை 1977இல் பூர்னியே என்ற அமெரிக்கப் புவியிரசாயனவியலாளர் ஒழுங்குபடுத்தித் தந்தார். லீற்றருக்கு 80 மில்லிகிராம் சிலிக்கா என்று வைத்துக்கொள்வோம். குவாட்ஸ் சமன்பாடு ஏறத்தாழ 125 பாகை என்று சொல்லும். அதே 80ஐ, குவாட்ஸின் நுண்மணி வடிவமான கல்சிடனிக்கு உரிய சமன்பாட்டில் போட்டால் 97 பாகைதான் வரும். ஒரே போத்தலுக்கு இரண்டு விடை. கீழே எந்தக் கனிமம் நீரைக் கட்டுப்படுத்துகிறது என்று தெரியாமல் ஒரு எண்ணை மட்டும் அறிக்கையில் எழுதுவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். 125 என்று எடுத்தால், மேல்நிலச் சூடு 28 பாகையிலிருந்து கணக்குப் போட்டால், நீர் மூன்று முதல் நான்கு கிலோமீற்றர் வரை கீழே போயிருக்க வேண்டும். 97 என்றால் மூன்று கிலோமீற்றருக்குள்ளேயே அடங்கிவிடும்.

அடுத்த சிக்கல் கலப்பு. ஏறும் வழியில் மேல்மட்டக் குளிர்நீர் வந்து சேர்ந்தால் சிலிக்கா குறையும். மேலே சொன்ன 80இல், சிலிக்கா 20 உள்ள கிணற்று நீர் பாதிக்குப் பாதி கலந்தால் 50 ஆகிவிடும். குவாட்ஸ் சமன்பாடு அதைக் கேட்டு 102 பாகை என்று சொல்லும். கணக்கில் ஒரு தவறும் இருக்காது, விடை மட்டும் பிழை. இதனால்தான் சோடியம், பொற்றாசியம், மகனீசியம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும், புவியிரசாயனவியலாளர் கிக்கன்பாக்கின் 1988ஆம் ஆண்டு முக்கோண வரைபடத்தை நாங்கள் எப்போதும் கூடவே போட்டுப் பார்ப்போம். மகனீசியம் ஆழத்துச் சூட்டில் களிமண் கனிமங்களுக்குள் போய்விடும். ஊற்றில் அது கணிசமாக இருந்தால் மேல்மட்ட நீர் வந்து கலந்திருக்கலாம்.

இந்த இடத்தில்தான் யாழ்ப்பாணத்து அனுபவம் கைகொடுத்தது. எங்கள் ஊரில் நைத்திரேற்று என்றால் கவலை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரமும், மலசலகூடக் குழியும் சுண்ணக்கல்லின் ஓட்டைகளால் நேரே கிணற்றுக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறோம். வெந்நீரூற்றில் அதே நைத்திரேற்று வேறு வேலை செய்கிறது. பல கிலோமீற்றர் ஆழத்தில் நீண்டகாலம் இருந்த நீரில் அது இருக்கக் காரணம் இல்லை. இருந்தால், வயலோ வீடோ இருக்கிற மேல்நிலத்திலிருந்து நீர் வந்து கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு குளோரைட்டையும் சிலிக்காவையும் சேர்த்து வரைந்து பார்க்கும்போது, ஏழு கிணற்றுப் புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் விழுந்தால், ஒரே வெந்நீர் வேறு வேறு அளவில் குளிர்நீரோடு கலந்து வருகிறது என்று துணிந்து சொல்லலாம். விழாவிட்டால் கதை வேறு. சமதானிகளும் உதவும். மழைநீரின் ஐதரசன், ஒட்சிசன் சமதானி அளவுகளை வரைந்தால் ஒரு கோட்டில் வரும் என்று ஹார்மன் கிரெய்க் என்ற புவியிரசாயனவியலாளர் 1961இலேயே காட்டினார். இங்கத்தைய வெந்நீர் மழையாகப் பெய்த நீர்தான் என்று சொல்வது அந்தக் கோட்டை வைத்துத்தான்.

சிலர் இந்த நீரைப் போத்தலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். குளிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. நாள்தோறும் குடிப்பதில்தான் தயக்கம். கல்சியம் குறைந்த நீரில் புளோரைட்டைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. சுண்ணக்கல் நிலத்தில் கல்சியம் நிறைய இருப்பதால் புளோரைட்டு அவ்வளவு ஏற முடியாது. கடும்பாறை நிலத்தில், அதிலும் சுடுநீரில், அது ஏறலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வரண்ட வலயத்துப் பிள்ளைகளின் பல்லில் மஞ்சள் கறையைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் ஏன் முக்கியம் என்று விளங்கும். அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, "அப்ப தீர்த்தமா ஒரு வாய் குடிச்சாப் போதும்" என்றார். சரிதான்.

மின்சாரம் எடுக்கலாமா என்றும் கேட்பார்கள். அலாஸ்காவில் சீனா (Chena) என்ற வெந்நீரூற்றில் 74 பாகை நீரிலேயே 2006இலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் அங்கே குளிரூட்டுவதற்குக் கடுங்குளிர் நீர் பக்கத்திலேயே கிடைக்கிறது. எங்கள் வெயிலுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, துளையிட்டுப் பார்க்காமல் நம்பிக்கை கொடுக்கவும் கூடாது.

ஊருக்கு வந்ததும் முதலில் பார்ப்பது ஏற்றச் சமநிலை. நேரயன்களின் கூட்டுத்தொகையும் எதிரயன்களின் கூட்டுத்தொகையும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துவராவிட்டால், எவ்வளவு அழகான எண்ணாக இருந்தாலும் ஒதுக்கி வைப்போம். இப்போது எங்களிடம் இருப்பது கோடைகாலத்து மாதிரிகள். கிழக்கில் மாரி பெய்து மேல்மட்ட நீர் நிரம்பியிருக்கும் தை மாதத்தில், அதே கிணறுகளில், அதே குழாயால், அதே விடியற்காலையில் திரும்பவும் பிடிக்க வேண்டும். அப்போது நைத்திரேற்று ஏறி, சிலிக்கா இறங்கினால், கலப்பின் அளவைப் பருவத்துக்குப் பருவம் கணக்கிட முடியும். இரண்டும் அசையாமல் நின்றால், கன்னியாவின் அடியில் இருக்கும் வழி நாங்கள் நினைத்ததைவிட இறுக்கமாக மூடியது.