பந்திக் கூடத்தில் ஒரு கராத்தே வகுப்பு

எங்கள் வகுப்பின் நேரத்தை முடிவு செய்வது நானல்ல, முகூர்த்த நாள் காலண்டர். ஈரோட்டில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடம்தான் எங்கள் டோஜோ, அதாவது கராத்தே பழகும் இடம். கல்யாணம் இருந்தால் வகுப்பு இல்லை. ஆடியும் மார்கழியும் எங்களுக்குப் பொற்காலம். வைகாசியில் வாரம் ஒரு நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பள்ளிக்கூடத்தில் தொடங்கி 2003இல் பிளாக் பெல்ட் வாங்கியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு பெல்ட் பீரோவுக்குள் போய்விட்டது. பையனுக்கு ஆறு வயதானதும் பக்கத்தில் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டேன். பிள்ளைகள் உள்ளே, அம்மாக்கள் வாசல் படியில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு போனுடன். வாரம் மூன்று நாள், தலா ஒரு மணி நேரம் இப்படியே போனது. ஒரு நாள் பக்கத்திலிருந்தவர், "முஷ்டியை எப்படிங்க மடக்கணும்? என் பொண்ணு வீட்ல கேட்கிறா" என்றார். காட்டிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் நாலு பேர் ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்று பன்ச் பழகிக்கொண்டிருந்தோம்.

அந்த மாஸ்டரிடம் எங்களையும் உள்ளே சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டோம். பெரியவர்கள் நின்றால் பிள்ளைகள் ஒழுங்காகப் பழக மாட்டார்கள் என்றார். அவர் நிலைமை அவருக்கு. எனக்கு மட்டும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் கராத்தே வீட்டு முற்றத்தில் வளர்ந்த கலை. நவீன கராத்தேயின் தந்தை என்று சொல்லப்படும் கிச்சின் ஃபுனகோஷி சின்ன வயதில் நோஞ்சான் பிள்ளை. ஜப்பானின் ஒகினாவா தீவில் அவருடைய பள்ளித் தோழனின் அப்பாதான் அவருக்கு முதல் ஆசிரியர், அன்கோ அசாதோ. ராத்திரியில் அந்த வீட்டு முற்றத்துக்குப் போய்த்தான் பழகினார். 1901 வாக்கில் அன்கோ இதோசு ஒகினாவாவின் பள்ளிக்கூடத்துக்குள் கராத்தேயைக் கொண்டுபோன பிறகுதான் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எண்ணிக்கை சொல்லும் வழக்கம் வந்தது. ஃபுனகோஷியின் மனைவியும், வேலை செய்து களைத்துப்போனால் வெளியே போய்க் கத்தா (குத்தும் தடுப்பும் உதையும் ஒரே வரிசையில் தனியாகச் செய்யும் பயிற்சி) பழகுவாராம். ஃபுனகோஷியே எழுதியிருக்கிறார். இதைப் படித்த அன்றைக்குத்தான் பீரோவைத் திறந்தேன்.

2018இல் இடம் தேட ஆரம்பித்தோம். பள்ளி மைதானத்தில் நெருஞ்சி முள். ஒரு மொட்டை மாடி கிடைத்தது. இரண்டாம் நாளே கீழ்வீட்டில் ஃபேன் ஆடுகிறது என்று புகார். கடைசியில் இந்த மண்டபத்துக்காரர்.

"சத்தம் போடுவீங்களாம்மா?"

"போடுவோங்க."

"மேளத்தை விடவா?"

வாடகை பேசி முடித்தோம். முதல் நாள் தரையில் ரசம் சிந்திய பிசுபிசுப்பு. ஒரு பையன் வழுக்கி விழுந்தான். நகையை விற்கவில்லை, ஆனால் சீட்டுப் பணம் முழுதும் தரையில் விரிக்கும் மேட் வாங்கவே போனது. ஒரு மீட்டர் சதுரத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ரப்பர் மேட், அறுபது. வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கி ஸ்டோர் ரூமில் வைக்க வேண்டும். மேட் விரிக்க வராதவர்களுக்கு அன்றைக்கு வகுப்பில்லை என்பதுதான் நான் போட்ட முதல் விதி. ஃபீஸ் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. எத்தனை பேர் வந்தாலும் மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய்.

சேர்ந்தவை ஏழு வீடுகள். அப்புறம்தான் நிஜமான சிக்கல்.

டோஜோவில் வயதுப்படி நிற்பதில்லை, பெல்ட்படி நிற்பது. மூத்த பெல்ட் வலது ஓரம். ஒன்பது வயதுப் பெண் மஞ்சள் பெல்ட். நாலு மாதம் கழித்துச் சேர்ந்த அவள் அப்பா வெள்ளை பெல்ட். அவர் மகளுக்கு இடப்பக்கம், அதுவும் மூன்று ஆள் தள்ளி. ஜோடி சேர்ந்து பழகும்போது இருவரும் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். மனிதர் சிரித்தார், கூச்சப்பட்டார், போன் வந்ததாகச் சொல்லி வெளியே போனார். மூன்று வாரம் இதே கதை. நாலாவது வாரம் அவள்தான், "அப்பா, கட்டை விரலை உள்ள வச்சு மடக்காதீங்க, உடைஞ்சிரும்" என்று அவர் கையைப் பிடித்துத் திருப்பி வைத்தாள். அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு முடிவில் குனிந்தார். நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கெட்டிருக்கும்.

இன்னொருவர் தங்கள் மதத்தில் மனிதரை வணங்க மாட்டோம் என்றார். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும் என்று முடிவானது. முட்டி வலிக்காரர்களுக்கு மண்டியிடாமல் நாற்காலி. பந்திக் கூடத்தில் நாற்காலிக்கா பஞ்சம்!

அம்மாக்களுக்கோ கியாய்தான் பெரிய கஷ்டம். குத்தும்போது அடிவயிற்றிலிருந்து எழும் அந்தக் கத்தல். பிள்ளைகளைத் திட்டும்போது தெருமுனை வரை கேட்கும் குரல், இங்கே இருமல் மாதிரி வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒருவர் ஒரே ஒரு தடவை முழுசாகக் கத்தினார். சமையல் கட்டிலிருந்து சமையல் மாஸ்டர் கரண்டியுடன் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

வகுப்பு முடிவில் சொல்லும் டோஜோ குன், அதாவது டோஜோவின் உறுதிமொழியில் ஐந்து வரி. ஒவ்வொரு வரியும் 'ஹிதோட்சு' என்றே தொடங்கும். ஒன்று என்று அர்த்தம். இரண்டு, மூன்று என்று எண்ணுவதில்லை, ஐந்தும் முதல் விதிதான். எங்கள் வீடுகளில் நடப்பது வேறு என்று ஒரு அம்மா முணுமுணுத்தார். எல்லாரும் சிரித்தோம்.

பெல்ட் விஷயத்தில்தான் ஆட்களை இழந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வந்தார்கள். ஒரு சங்கத்தில் சான்றிதழுக்குக் கேட்ட தொகையைப் பார்த்து நான் சேரவில்லை, அதனால் "கவர்ன்மென்ட் சர்டிபிகேட் உண்டா?" என்று கேட்டவர்களுக்குப் பதிலும் இல்லை. டெக்கி என்ற மூன்று கத்தாக்களைக் கற்க ஃபுனகோஷிக்குப் பத்து வருஷம் ஆனது என்று ஒரு அப்பாவிடம் சொன்னேன். "அவருக்கு ஸ்கூல் அட்மிஷன் இல்லைங்களே மேடம்" என்றார். இரண்டு வீடுகள் நின்றுவிட்டன. அவர்கள் கேட்டதில் தப்பும் இல்லை. இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: ஆறு மாதத்துக்கு முன்னால் கிரேடிங் (அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு) கிடையாது, ஒரு வீட்டில் ஒருவர் தயார், இன்னொருவர் தயாரில்லை என்றால் தனித்தனியாகத்தான்.

கொரோனா காலத்தில் பூட்டிய மண்டபம் திறந்தபோது ஏழில் மூன்று வீடுதான் திரும்பி வந்தது. இப்போது பதினொன்று. என் பையன் பிரவுன் பெல்ட், வலது ஓரத்தில் நிற்கிறான். என் வீட்டுக்காரர் இன்னும் சேரவில்லை. மேட் விரிப்பார், கணக்கு எழுதுவார், கடைசி மேட்டையும் அடுக்கிவிட்டுத்தான் லைட்டை அணைப்பார். ஆடி பிறக்கட்டும், சேர்ந்துவிடுகிறேன் என்கிறார். எந்த வருஷத்து ஆடி என்று மட்டும் சொல்வதில்லை.