ஸ்டேக்குக்கு உப்பை முதல் நாள் இரவே போடுங்கள்

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் கிளிநொச்சியில் ஸ்டேக் (தடித்த தகடாகவே பொரித்தோ சுட்டோ எடுக்கும் மாட்டிறைச்சி) போட முடியுமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம், ஆனால் அங்கே செய்வதுபோல அடுப்பில் வைக்கும் நேரத்தில் உப்பும் மிளகும் தூவி இறக்கினால் மென்று மென்று தாடைதான் நோகும். எங்கள் பக்கத்து மாடு பெரும்பாலும் அறுவடை முடிந்த வயலிலும் குளக்கரையிலும் மேய்ந்து நடந்து திரிந்தது. கொழுப்புக் குறைவு, நார் இறுக்கம், அதோடு காலையில் வெட்டிய இறைச்சி மத்தியானத்துக்குள் விற்றுவிடும். நாட்கணக்கில் குளிரில் தொங்கவிட்டு இளக வைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

அதனால் கடையிலேயே வேலை தொடங்குகிறது. கத்தி விழுவதற்கு முன்பே, "அண்ணை, கறிக்கு வெட்டுற மாதிரி வெட்டாதேங்கோ, ஒரு அங்குலத் தடிப்பில தகடாத் தாங்கோ" என்று சொல்லிவிட வேண்டும். அண்டர்கட் (முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மெதுவான தசை) கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் முதுகுப் பக்கம்.

இனி உப்பு. ஒரு கிலோவுக்கு 10 முதல் 12 கிராம், அதாவது தூள் உப்பு என்றால் மட்டமாக இரண்டு தேக்கரண்டி. எனக்குப் பிடித்தது ஆனையிறவுக் கல்லுப்பு, போரில் 1990இல் நின்றுபோன உப்பளம் மறுபடி விளைகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதை அம்மியில் லேசாகத் தட்டி இரண்டு பக்கமும் தூவுங்கள். கொஞ்ச நேரத்தில் இறைச்சியின் மேல் சின்னச் சின்ன நீர்முத்து பூக்கும், கால் மணித்தியாலத்தில் மேற்பரப்பே நனைந்துவிடும். அந்த நேரத்தில் மட்டும் தாச்சியில் போடாதீர்கள், பொரியாது, அவியும். முக்கால் மணித்தியாலம் தாண்டினால் அந்த உப்புநீரை இறைச்சியே திரும்ப இழுக்கத் தொடங்கும், இரவு முழுக்க விட்டால் உப்பு உள்ளே இறங்கி நாரைத் தளர்த்தி, சூட்டில் சாறு வெளியே ஓடாமல் பிடித்து வைக்கும். எங்கள் வீடுகளில் நடுவில் சிவப்பாக இருந்தால் பெரியவர்கள் தொடமாட்டார்கள், நன்றாக வெந்துதான் ஆகவேண்டும் என்பதால் இந்த உப்பு எங்களுக்குத்தான் இன்னும் அவசியம்.

பிரிஜ்ஜில் மூடாமல், இடியப்பத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். அடியிலும் காற்றுப் படும், காலையில் மேற்பரப்பு காய்ந்து தொட்டால் ஒட்டுகிற பதத்தில் இருக்கும். மேற்பரப்பு அப்படிக் காய்வதுதான் முறுகலைத் தருவது, ஈரம் இருக்கும்வரை இறைச்சியின் மேல்பக்கம் 100 பாகைக்கு மேல் சூடேறாது, நிறமும் வராது. போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, இறைச்சிக்கடை பூட்டு என்பதால் முதல் நாளே வாங்கி உப்பிட்டு, லீவு நாளில் எல்லோரும் கூடிச் சாப்பிட இது நல்ல வசதி.

தேசிப்புளி, வினாகிரி, சரக்குத்தூள் எல்லாம் சேர்த்து ஊறவிடுகிற பழக்கத்தைப் பிரட்டலுக்கு வைத்துக்கொள்வோம். ஸ்டேக்கில் அவை சில மில்லிமீற்றருக்கு மேல் இறங்காது, புளி கூடினால் மேல்பக்கம் மாப்போல ஆகிவிடும், தூளும் உள்ளியும் தாச்சிச் சூட்டில் கருகிக் கசக்கும். மிகவும் முற்றிய இறைச்சி என்றால் பச்சைப் பப்பாசித் துண்டால் லேசாகத் தேய்த்து அரை மணித்தியாலம் விட்டு, துடைத்துவிட்டுச் சமையுங்கள். அதிலிருக்கும் பப்பேன் என்ற, இறைச்சியை இளக்கும் நொதியம் சூடேறும்போதுதான் முழு வேகத்தில் வேலை செய்யும், ஆகவே கூடத் தேய்க்க வேண்டாம்.

சிரட்டைக் கரியில் சுட்டால் இன்னும் நல்லது. இறக்கி ஐந்து நிமிடம் விட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டி, மிளகை அப்போது இடித்துத் தூவுங்கள்.