மாமாவுக்கு வந்த புளோரிடா கடிதம்

தண்டையார்பேட்டையில் மாமா வீட்டு இரும்பு கேட்டில் தபால்காரர் செருகிவிட்டுப் போன நீளமான வெள்ளை உறையை, அத்தை மூன்று நாட்களாகப் பிரிக்காமல் அரிசி டப்பாவின் மேல் வைத்திருந்தார். அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில், புளோரிடாவின் ஆர்லாண்டோ நகர விடுதியொன்றில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் டைம்ஷேர் உரிமையை மாமா பத்திரம் பதிந்து வாங்கியிருந்தார். ஊர் திரும்பிய பின் பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை. போலீஸ் வருமோ என்பதே அத்தையின் பயம்.

வராது. கட்டணம் கட்டாதது சிவில் கடன்தான், குற்றமன்று. புளோரிடா சட்டப்படி நிலுவைக்காக அந்த உரிமையையே ஏலம் விடலாம்; நீதிமன்றம் போகாமல் டிரஸ்டி என்னும் பொறுப்பாளர் மூலம் ஏலம் நடந்து, மாமாவும் ஆட்சேபிக்காவிட்டால், ஏலத்தில் தேறாத மீதித் தொகையை அவரிடம் கேட்க முடியாது. வழக்காடித் தீர்ப்பே வாங்கினாலும், நமது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ், எந்தெந்த நாட்டுத் தீர்ப்புகளை இங்கே நேரடியாக நிறைவேற்றலாம் என்று அறிவிக்கப்பட்ட பட்டியலில் அமெரிக்கா இல்லாததால், அதை இங்கே நேரடியாக நிறைவேற்ற இயலாது. அந்தத் தீர்ப்பை வைத்து 3 ஆண்டுகளுக்குள் இங்கு புதிதாக வழக்குத் தொடுக்க வேண்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ வாங்கியவர்களுக்கு இந்த நிம்மதி இல்லை: சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஐக்கிய அரபு அமீரகமும் 2020 ஜனவரியில் சேர்க்கப்பட்டுவிட்டது.

அமெரிக்கக் கடன் மதிப்பெண் சரியலாம். அது நம்மூர் சிபில் கடன் அறிக்கைக்குத் தானாக வந்து சேராது. மீண்டும் அங்கே குடியேறினால் வாடகை வீடு பிடிப்பதற்கே அது குறுக்கே நிற்கக்கூடும்.

எனக்கு உண்மையான கவலை வேறு. "உங்கள் பங்கை விற்றுத் தருகிறோம், முன்பணம் மட்டும் அனுப்புங்கள்" என்று வரும் தொலைபேசி அழைப்புகளை மாமா இன்னும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.