கட்டியின் ஓரத்து நீலப் புள்ளிகள்

வேலூரில் ஒரு பயாப்ஸி லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஃபார்மலினில் வரும் குடல் துண்டை மெழுகு பிளாக்காக்கி, மைக்ரோடோமில் 3, 4 மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றுவது என் வேலை. டாக்டரிடம் கொடுக்கும் முன் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று நானும் பார்ப்பேன். பெருங்குடல் புற்று ஸ்லைடு என்றால் கண் முதலில் கட்டியின் ஓரத்துக்குத்தான் போகும். பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் தெரிந்தால் மனசுக்குக் கொஞ்சம் தெம்பு. அவை லிம்போசைட்டுகள், உடலின் எதிர்ப்புச் செல்கள்.

லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி செல்கள் கட்டியில் எத்தனை, எந்த இடத்தில் இருக்கின்றன என்பது, வழக்கமான ஸ்டேஜ் கணக்கைவிட நன்றாக நோயின் போக்கைச் சொல்லும் என்று பிரான்ஸின் ஜெரோம் காலோன் குழு 2006-ல் காட்டியது.

ஆனால் செல் வந்து நிற்பதாலேயே சண்டை நடக்கிறது என்றாகிவிடாது. பல் இடுக்கு அழுக்கில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற பாக்டீரியா, பல பெருங்குடல் கட்டிகளில் மிகுதியாக இருப்பதை 2012-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. அதன் மேலுள்ள ஃபேப்2 என்ற புரதம் புற்றுச் செல்லின் சர்க்கரையில் ஒட்டிக்கொள்கிறது. அதே புரதம், டி செல்களிலும், புற்றுச் செல்லைக் கொல்லும் இன்னொரு வகை லிம்போசைட்டான என்.கே. செல்களிலும் உள்ள டிஜிட் என்ற ஏற்பியைத் தொட்டு அவற்றை அடக்கியும் விடுகிறது. காவலுக்கு வந்தவர் கையைக் கட்டிப்போட்டது போல. எங்கள் சாதாரணச் சாயத்தில் இது எதுவும் தெரியாது. அதுதான் எனக்கு ஆற்றாமை.

2017-ல் எலிகளில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது இந்தக் கிருமி குடியிருந்த கட்டிகளின் வளர்ச்சி குறைந்தது. அதற்காக யாரும் மெடிக்கலில் வாங்கி விழுங்கிவிடக் கூடாது. நார்ச்சத்தை பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமாக்கிக் குடல் சுவருக்கு ஊட்டும் நல்ல பாக்டீரியாக்களும் ஆன்டிபயாட்டிக்கில் அடிபடும்.

குடல் பாக்டீரியா ஆராய்ச்சி இந்த ஊருக்குப் புதிதல்ல. சாப்பிட்ட சத்து உடலில் சேராமல் வயிற்றோட்டமாகும் ஸ்ப்ரூ நோயாளிகளின் குடலையும் நலமானவர்களின் குடலையும் ஒப்பிட்டு இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வாளர்கள் 1972-லேயே எழுதினார்கள்.

என்னை அதிகம் வருத்துவது வேறு. "மூலம்னு நெனச்சு நாட்டு மருந்து சாப்ட்டுட்டு இருந்தாருண்ணா," என்று ரிப்போர்ட் வாங்க வரும் பிள்ளைகள் சொல்வார்கள். அதற்குள் கட்டி தசை அடுக்கைத் தாண்டியிருக்கும். மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நாமே முடிவு கட்டாமல் கொலோனோஸ்கோபி தேவையா என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

கட்டிக்குள்ளேயே லிம்போசைட்டுகள் நிறைந்த ஸ்லைடுகளும் வரும். டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் எம்.எம்.ஆர். புரதங்கள் நாலில் ஏதாவது அற்றுப்போன கட்டியாக அது இருக்கலாம்; அந்த வகைக்குத்தான் இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்புச் செல்களையே தூண்டிவிடும் சிகிச்சை, நன்றாகக் கேட்கிறது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் நல்ல பிளாக்காகப் பார்த்துத் தனியே எடுத்து வைத்து, அந்தப் புரதங்கள் இருக்கின்றனவா என்று காட்டும் சாயங்களை மனதில் வைத்து, "எம்.எம்.ஆர். நாலும் போடலாமா டாக்டர்?" என்று கேட்டுவிடுவேன்.