ஆழமில்லாத கடலில் ஒரு துறைமுகம்

தூத்துக்குடி என்றதும் மக்ரூன், பொரிச்ச பரோட்டா, உப்பு என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். சரி, அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இங்கே கரையோரக் கடலுக்கு ஆழமே கிடையாது என்பது. துறைமுக ஊருக்கு இதைவிடப் பெரிய குறை என்ன வேண்டும்?

அந்தக் கடல்தான் முதலில் ஊருக்குச் சோறு போட்டது. கடலடியில் முத்துச்சிப்பி கிடக்கும் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். பத்துப் பாகத்துக்குள்தான், அதாவது அறுபது அடிக்குள்தான் ஆழம் என்பதால், கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்கி, ஒரே மூச்சில் சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிடலாம். போர்ச்சுக்கீசியர் இந்தக் கரையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததும், 1658-ல் டச்சுக்காரர்கள் வந்து அதைப் பறித்துக்கொண்டதும் பெரும்பாலும் இந்த முத்துக்காகத்தான். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கப்பலுக்கோ அதே கடல்தான் எமன். நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களும் பஞ்சுப் பொதிகளும் படகில் போய்த்தான் ஏற வேண்டும். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டினாரே, அதில் போனவர்களுக்கும் இதே கதைதான். பள்ளிக்கூடத்தில் படித்தபோது கப்பல் கரையை ஒட்டி நின்றிருக்கும் என்றே நினைத்திருந்தேன். வெள்ளைக்காரக் கம்பெனியோடு கட்டணப் போட்டி ஒரு பக்கம், இந்தக் கடல் ஒரு பக்கம். யோசிக்க யோசிக்க அந்த மனிதரின் துணிச்சல் மலைக்க வைக்கிறது.

அப்புறம்தான் கடலுக்குள் கல்லைக் கொட்டி தலா 4 கிலோமீட்டர் அளவுக்கு இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களை நீட்டி, நடுவே அமைதியான தண்ணீரை உண்டாக்கினார்கள். 1974-ல் அது பெருந்துறைமுகம் ஆனது, 2011-ல் வ.உ.சி. பெயரும் வைத்தார்கள்.

ஆனால் நான் ஊருக்குப் போனால் முதலில் போவது பழைய துறைமுகத்துக்குத்தான். அங்கே மரத்தோணிகள் இன்னும் இருக்கின்றன, வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரைக்கும் போகும் தோணிகள். போன முறை நான் போனது ஜூனில். தென்மேற்குக் காற்று ஓய்கிற வரைக்கும் அவை மாலத்தீவுக்குப் போவதில்லை, அதனால் எல்லாம் பழுதுபார்ப்பில் கிடந்தன. ஒரு பெரியவர் குத்தவைத்து உட்கார்ந்து, பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் தட்டித் தட்டி இறக்கிக்கொண்டிருந்தார். கலப்பத்து அடிக்கிறது என்று இதற்குப் பெயர். "எம்புட்டு நேரம் ஆகும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். தோணியின் மறுகோடியைக் கையால் காட்டிவிட்டு, "அங்கன இருந்துதான் வாறேன், நாலு நாளாச்சு" என்றார்.