கூட்டலாம், குறைக்க முடியாது

"அண்ணே, டிஸ்க் ஃபுல்லாயிருச்சு, பில் ஏறமாட்டேங்குது." தீபாவளிக்கு முந்தைய வாரம் மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையிலிருந்து இப்படி ஓர் அழைப்பு வந்தால், இலந்தைக்குளத்தில் உட்கார்ந்து அமேசானின் மும்பை சர்வரைப் பார்த்துக்கொள்பவரின் கை நேராக, சர்வருக்கு டிஸ்க்காக இருக்கும் வால்யூமைப் பெரிதாக்கும் இடத்துக்குத்தான் போகும். 50 ஜிபியை 100 ஆக்க ஒரு நிமிடம் போதும், சர்வரை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் அமேசானின் இபிஎஸ் என்ற டிஸ்க் சேவையில் வால்யூமை ஒருமுறை கூட்டிவிட்டால் அதையே திரும்பச் சிறிதாக்க வழியில்லை. கட்டணமும் எழுதிய அளவுக்கு இல்லை, ஒதுக்கிய அளவுக்கு. 500 ஜிபி ஒதுக்கி 60 ஜிபி நிரப்பினாலும் மாதாமாதம் 500 ஜிபிக்குத்தான் பில். கடைக்காரர் அவசரப்படுவது நியாயம். அந்த அவசரத்திலும் பத்து நிமிடம் உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லித்தான் புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம்.

முதலில் டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப் -எச்' கட்டளை, அடுத்து ஐநோடுகளை, அதாவது ஃபைலுக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவுகளை, எண்ணிக் காட்டும் 'டிஎஃப் -ஐ'. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடம் பாதி காலியாக இருக்கும்போதே "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்று வந்தால் ஐநோடு தீர்ந்திருக்கலாம். பிஹெச்பி செஷன் ஃபைல்கள், அனுப்பப்படாமல் தேங்கிய மெயில்கள் என்று லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்கள் சேர்ந்தால் இப்படி ஆகும். இடம் பெரிதாகிவிட்டதே என்று நிம்மதியாக இருந்தால், அதே குட்டி ஃபைல்கள் புதிய ஐநோடுகளையும் தின்றுவிடும்.

பிறகு ஃபோல்டர்வாரியாக அளவு சொல்லும் 'டியு' போட்டு எந்த ஃபோல்டர் பெருத்திருக்கிறது என்று தேட வேண்டும். டியு 20 ஜிபி என்கிறது, டிஎஃப் 48 ஜிபி என்கிறது. கணக்கு ஏன் உதைக்கிறது? யாரோ பெரிய லாக் ஃபைலை 'ஆர்எம்' போட்டு அழித்திருப்பார்கள், அதை எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் இன்னும் பிடியை விட்டிருக்காது. பெயர்தான் போயிருக்கிறது, இடம் திரும்பவில்லை. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' கொடுத்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் உடனே வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் லாகை அழிக்காமல் 'ட்ரன்கேட் -எஸ் 0' என்று சுழியாக்குவதுதான் சரியான பழக்கம். அப்ளிகேஷன்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கர் இருக்கும் சர்வர் என்றால் அந்தக் கன்டெய்னர்களின் லாகைப் பார்க்க வேண்டும். மேக்ஸ்-சைஸ் வரம்பு வைக்காத ஜேசன் லாக் நிற்காமல் வளரும்.

இத்தனையும் பார்த்த பிறகும் உண்மையான டேட்டாதான் வளர்ந்திருக்கிறது என்றால், தயங்காமல் கூட்டலாம். அதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது வால்யூமின் அந்த நேரத்து நகல். அமேசானின் கன்சோல் பக்கத்தில் அளவை மாற்றியதும் நிலை 'மாடிஃபையிங்' என்று காட்டும். 'ஆப்டிமைசிங்' ஆனதுமே புதிய இடத்தைப் பயன்படுத்தலாம், முழுதாக முடியும்வரை காத்திருக்க வேண்டாம். புதியவர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில். டிஸ்க் வளர்ந்தாலும் அதன்மேல் இருக்கும் பார்ட்டிஷனும் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) அதற்கும் மேல் இருக்கும் ஃபைல் சிஸ்டமும் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் அமைப்பு) பழைய அளவிலேயே நிற்கும். 'எல்எஸ்பிஎல்கே' போட்டால் டிஸ்க் 100, பார்ட்டிஷன் 50 என்று கண்ணுக்குத் தெரியும். பார்ட்டிஷனைப் பெரிதாக்கும் 'குரோபார்ட்' கட்டளைக்கு டிஸ்க்கின் பெயரும் பார்ட்டிஷன் எண்ணும் தனித்தனியாக, நடுவே இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். பெயரையும் எண்ணையும் சேர்த்து எழுதினால் வேலை நடக்காது. அடுத்து ஃபைல் சிஸ்டம். இஎக்ஸ்டி4 என்றால் 'ரீசைஸ்2எஃப்எஸ்', அதற்கு டிவைஸ் பெயர் வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் 'எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்', அதற்கு மவுன்ட் ஆன இடம், அதாவது எந்த ஃபோல்டரில் அது இணைந்திருக்கிறதோ அந்தப் பாதை வேண்டும். எது இருக்கிறது என்பதை 'டிஎஃப் -டி' சொல்லிவிடும்.

டிஸ்க் நூறு சதவீதம் நிறைந்திருந்தால் குரோபார்ட்டே ஓடாது. அதற்கும் டெம்ப் ஃபோல்டரில் கொஞ்சம் எழுத இடம் வேண்டும். 10 எம்பி அளவில், மெமரியிலேயே இருக்கும் ஒரு டெம்ப்எஃப்எஸ்ஸை டெம்ப் மேல் மவுன்ட் செய்து, வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க் 2 டிபிக்கு மேல் பயன்படாது. அதைத் தாண்டுவதாக இருந்தால் ஆரம்பத்திலேயே புதிய ஜிபிடி முறையில் பிரித்திருக்க வேண்டும்.

டேட்டாவுக்குத் தனி வால்யூம் வைத்து, அதைப் பார்ட்டிஷன் பிரிக்காமல் முழு டிஸ்க் மேலேயே ஃபைல் சிஸ்டம் போடுவது எங்களுக்குப் பிடித்த முறை. கூட்டும்போது ஒரு படி மிச்சம், தவறு நுழைய ஓர் இடமும் குறைகிறது. ஆனால் புதிதாக ஃபைல் சிஸ்டம் உருவாக்கும் 'எம்கேஎஃப்எஸ்' போடுமுன் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' பார்த்தே ஆக வேண்டும். ஏற்கெனவே ஃபைல் சிஸ்டம் இருக்கும் வால்யூம்மேல் அந்தக் கட்டளை ஓடினால் போனது போனதுதான்.

கன்சோலில் எஸ்டிஎஃப் என்ற பெயரில் இணைத்த வால்யூம், அமேசானின் நைட்ரோ வகை சர்வருக்குள் என்விஎம்இ1என்1 என்று வேறு பெயரில் வரும். அந்தப் பெயரும் நிலையில்லை, ரீபூட்டுக்குப் பின் மாறலாம். ஆகவே எதை எங்கே மவுன்ட் செய்ய வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் எஃப்ஸ்டேப் ஃபைலில், பெயருக்குப் பதில் ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்ணான யுயுஐடி எழுத வேண்டும், கூடவே, வால்யூம் வராவிட்டாலும் சர்வர் எழட்டும் என்று சொல்லும் 'நோஃபெயில்'. நோஃபெயில் இல்லாமல் வால்யூமும் வராமல் போனால் சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து உள்ளே போக முடியாது. அப்படி ஆனால் சர்வரை நிறுத்தி, சிஸ்டம் இருக்கும் ரூட் வால்யூமைக் கழற்றி, அதே அவெயிலபிலிட்டி ஸோனில் (அமேசான் டேட்டா சென்டர்களின் ஒரு தொகுதி) இருக்கும் இன்னொரு சர்வரில் இணைத்து, எஃப்ஸ்டேபைத் திருத்தி, பழைய டிவைஸ் பெயரிலேயே திரும்ப மாட்ட வேண்டும். இரண்டு சர்வரும் ஒரே இமேஜிலிருந்து (சர்வரை உருவாக்கும் அச்சு) வந்திருந்து எக்ஸ்எஃப்எஸ் ஆகவும் இருந்தால், யுயுஐடி ஒன்றாக இருப்பதால் மவுன்ட் மறுக்கும். 'நோயுயுஐடி' கொடுத்தால் ஏற்கும்.

நோஃபெயிலிலும் ஒரு குழி உண்டு, அதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. டேட்டா வால்யூம் மவுன்ட் ஆகாமலே சர்வர் எழுந்துவிடும். அப்ளிகேஷன் அதே பாதையில் எழுதும், எழுதுவதெல்லாம் ரூட் டிஸ்க்கில் விழும். ஓரிரு நாளில் ரூட் நிறையும். பிறகு யாராவது வால்யூமை மவுன்ட் செய்தால் அந்த இரண்டு நாள் பில்கள் அடியில் மறைந்துபோகும், கண்ணிலும் படாது, இடத்தையும் விடாது. மவுன்ட் செய்யுமுன், காலியாக இருக்கும் அந்த ஃபோல்டருக்கு 'சிஹெச்ஏடிடிஆர் +ஐ' கொடுத்துவிட்டால் வால்யூம் இல்லாத நேரத்தில் யாராலும் அதில் எழுத முடியாது. அப்ளிகேஷன் உடனே பிழை காட்டும், நாமும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

இடம் இருந்தும் வேகம் இல்லை என்ற புகார் வேறு வகை. பழைய ஜிபி2 வகை வால்யூமில் ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற அளவு) கணக்கு. 100 ஜிபி என்றால் 300தான். கையிருப்பாக 54 லட்சம் கிரெடிட் இருப்பதால் தேவைப்படும்போது 3,000 வரை போகும். கண்மாய்க்கு வாய்க்காலில் 300 வருகிறது, மடையில் 3,000 போகிறது என்றால் எத்தனை நேரம் தாங்கும்? முழு வேகத்தில் 2,000 விநாடி, அதாவது 33 நிமிடம். காலையில் கடை திறந்து அரை மணி நேரம் நன்றாக ஓடிய பில்லிங், கூட்டம் ஏற ஏற இழுக்கிறது என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், 'பர்ஸ்ட் பேலன்ஸ்' என்ற அளவு சுழியை நோக்கி இறங்கியிருக்கும். 2020 டிசம்பரில் வந்த ஜிபி3 எந்த அளவிலும் 3,000 ஐஓபிஎஸ், விநாடிக்கு 125 எம்பி அடிப்படையாகத் தருகிறது, ஜிபிக்கு விலையும் 20 சதவீதம் குறைவு. சர்வர் ஓடும்போதே மாற்றிவிடலாம்.

வால்யூம் ஓர் அவெயிலபிலிட்டி ஸோனுக்குள் கட்டுப்பட்டது. ஒன்றில் இருப்பதை இன்னொரு ஸோன் சர்வரில் மாட்ட முடியாது, ஸ்னாப்ஷாட் எடுத்து அங்கே புதிதாக உருவாக்க வேண்டும். அப்படி வந்த வால்யூம் ஆரம்பத்தில் மந்தமாக இருக்கும். ஒவ்வொரு பிளாக்கையும் முதல்முறை தொடும்போதுதான் ஸ்னாப்ஷாட் சேமிக்கப்பட்டிருக்கும் எஸ்3இலிருந்து இறக்குகிறது. கடை திறக்குமுன் 'டிடி' அல்லது 'எஃப்ஐஓ' வைத்து முழுவதையும் ஒருமுறை படிக்கவிட்டால் போதும்.

கூட்டியது தவறு என்று பின்னால் தெரிந்தால்? தேவையான அளவில் புதிய வால்யூமை இணைத்து, சர்வீஸ் ஓடும்போதே, ஃபைல்களை நகலெடுக்கும் 'ஆர்சிங்க்' ஒரு சுற்று. அடுத்து, கடை அடைத்த பிறகு சர்வீஸை நிறுத்தி இரண்டாவது சுற்று. மாறிய ஃபைல்கள் மட்டும் போவதால் இது சீக்கிரம் முடியும். எஃப்ஸ்டேபில் புதிய யுயுஐடி எழுதி, மவுன்ட்டை மாற்றி, சர்வீஸைத் தொடங்கிச் சரிபார்க்க வேண்டும். கழற்றிய பழைய வால்யூம் 'அவெயிலபிள்' என்ற நிலையில் சும்மா கிடந்தாலும் கட்டணம் ஓடும். அதற்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, கடைப்பெயரும் தேதியும் டேகில் எழுதி, ஒரு வாரம் பார்த்துவிட்டு வால்யூமை நீக்கிவிடுகிறோம்.