திட்டுகிற கோச், தட்டிக்கொடுக்கிற கோச்

கிருஷ்ணகிரியில் எங்கள் பையன் கால்பந்து பழகும் இடத்தில் இரண்டு கோச்சுகள். காலையில் வருபவர் வாயைத் திறந்தாலே வசவுதான், பாஸ் தவறினால் மைதானத்தைச் சுற்றி ஓடு என்பார். மாலையில் வருபவர் ஷூ லேஸைக் குனிந்து கட்டிவிட்டு, "சரி விடு கண்ணு, அடுத்த பந்தைப் பாரு" என்பார். பெற்றோர் பலருக்கும் காலை ஆள்தான் பிடிக்கிறது. கேட்டால், மான்செஸ்டர் யுனைடெட் அணியின் பழைய மேனேஜர் ஃபெர்குசன் கத்தவில்லையா என்கிறார்கள்.

கத்தினார்தான். 2003-ல் அவர் உதைத்த பூட் அவருடைய அணி வீரர் பெக்காமின் புருவத்தைக் கிழித்தது, அந்தக் கோடையிலேயே பெக்காம் ரியல் மாட்ரிட் போய்விட்டார். ஆனால் 1995-ல் ரசிகரை உதைத்துத் தடை வாங்கிய அதே அணி வீரர் கன்டோனா, இங்கிலாந்தே வேண்டாம் என்று கிளம்பியபோது, பாரிஸ் வரை தேடிப்போய்ப் பேசி மனதை மாற்றியதும் இதே மனிதர்தான். அடுத்து வந்த 1995-96 சீசனில் இங்கிலாந்தின் பெரிய போட்டிகளான லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டுமே மான்செஸ்டர் யுனைடெடுக்கு. இதை யாரும் சொல்வதில்லை பாருங்கள்.

அடுத்த மாதத்திலிருந்து பையனுக்கு மாலை பேட்ச்.